எண்ணெய் பட்ட நைலோன் கயிற்றை நம்பி இறங்கலாமா?

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்கள் சேர்ந்து 11 மில்லிமீற்றர் ஸ்டாட்டிக் (பாரத்தில் அதிகம் நீளாத) நைலோன் கயிறு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். குடும்பிமலைப் பக்கம் பாறையில் இறங்கிப் பழகுவதும் அதில்தான், ஊரில் கிணறு துப்புரவாக்க ஆள் இறக்குவதும் அதில்தான். மாரி காலத்தில் மாமாவின் வள்ளத்துக்குள் போட்டு வைத்திருந்தார்களாம். எடுத்துப் பார்த்தால் நடுப்பகுதி கறுத்து, மண்ணெண்ணெயும் ஒயிலும் மணக்கிறது. ஒருவர் "எண்ணெய் பட்ட நைலோன் இற்றுப்போகும், வீசுங்கள்" என்கிறார். இன்னொருவர் "கழுவினால் சரி" என்கிறார். யார் சொல்வது சரி, அதே பையில் இருந்த கரபைனரும் (கயிற்றைக் கொளுவும் அலுமினியக் கொளுக்கி) ஹெல்மட்டும் என்ன ஆகும் என்பது கேள்வி.

முதலில் எண்ணெயை முடித்துவிடுவோம். மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல், புதிய என்ஜின் ஒயில், கிறீஸ், தேங்காயெண்ணெய் எதுவும் நைலோன் இழையை அரிப்பதில்லை. அந்த அளவில் "இற்றுப்போகும்" என்று சொன்னவர் சொன்னது பிழை. ஆனால் "கழுவினால் சரி" என்பதையும் நான் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வள்ளத்தின் அடியில் எண்ணெயோடு சேர்ந்து வேறு என்ன கிடந்தது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. கறை கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் கறையைப் பற்றியே பேசுகிறார்கள். நைலோனை உண்மையாக அறுக்கிற பொருள்களில் பலவற்றுக்கு நிறமே இல்லை.

எண்ணெய் ஏன் ஒன்றும் செய்யாது என்பதை உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். நைலோன் ஒரு பொலியமைட். அதன் நீண்ட சங்கிலிகள் நெடுக அமைட் பிணைப்புகள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஐதரசன் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அதாவது முனைவுத்தன்மை உள்ள பொருள், மூலக்கூறுக்குள் மின்னேற்றம் சமமாகப் பரவாதது. பெற்றோலிய எண்ணெய்களோ முனைவுத்தன்மை இல்லாத ஐதரோகாபன்கள். அவை இழைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் போய் நிற்குமே தவிர, இழைக்குள் நுழைந்து சங்கிலிகளைப் பிரிக்காது. இதை நம்பித்தான் வாகனங்களில் எரிபொருள் குழாய்களையும் ஒயிலுக்குள் சுழலும் பற்சக்கரங்களையும் நைலோன் வகைகளில் செய்கிறார்கள். போதாக்குறைக்கு, நைலோன் இழை தொழிற்சாலையில் உருகி வெளியே வந்த கையோடு அதன்மேல் ஒரு எண்ணெய்ப் பூச்சுப் பூசப்படுகிறது. அது இல்லாமல் இழையை முறுக்கவோ பின்னவோ முடியாது. உங்கள் கயிறு பிறந்ததே எண்ணெயில்தான்.

வெளியே போய்ப் பார்க்கவும் தேவையில்லை. வாவியிலும் கடலிலும் தொழில் செய்கிற எங்கள் ஆட்களின் நைலோன் வலைகள் எங்கே கிடக்கின்றன? மண்ணெண்ணெயில் ஓடுகிற என்ஜினின் காலடியில், ஒயில் மிதக்கிற அடித்தண்ணீரில். வலை பழுதாவது வெயிலால், நண்டு கடித்து, கடலடிப் பாரில் சிக்கிக் கிழிந்து. ஒயில் பட்டு வலை போனது என்று வாழைச்சேனையிலோ கல்முனையிலோ எந்தத் தொழிலாளியும் சொல்லி நான் கேட்டதில்லை. வலையும் ஆளைத் தாங்கும் கயிறும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனாலும் இழை ஒன்றேதான், அதன் குணமும் ஒன்றேதான்.

இதைவிட ஒரு விஷயம் கவனியுங்கள். தண்ணீருக்கு முனைவுத்தன்மை உண்டு, அதனால் அது நைலோனுக்குள் நுழையும். நனைந்த நைலோன் கயிறு சுமார் 10 முதல் 20 வீதம் வரை வலுவிழக்கும், காய்ந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். வீழ்ச்சியைத் தாங்குகிற டைனமிக் கயிற்றில் இதன் தாக்கம் இன்னும் கடுமை. சோதனைக் கூடத்தில் அது தாங்குகிற வீழ்ச்சிகளின் எண்ணிக்கை, நனைந்த நிலையில் பாதிக்கும் கீழே போய்விடும். வள்ளத்துக்குள் கிடந்த நாட்களில் உங்கள் கயிற்றின் வலுவைத் தற்காலிகமாகவாவது குறைத்தது எண்ணெயல்ல, தண்ணீர். நீங்கள் போடுகிற எட்டு வடிவ முடிச்சுக்கூடக் கயிற்றின் வலுவில் 20 முதல் 35 வீதம் வரை எடுத்துக்கொள்கிறது. இத்தனைக்கும் இடம்விட்டுத்தான் கயிறு செய்யப்படுகிறது: ஈஎன் 1891 என்ற ஐரோப்பியத் தரத்தில் ஏ வகை ஸ்டாட்டிக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். கிட்டத்தட்ட 2,200 கிலோ எடை.

அப்படியானால் தயாரிப்பாளர்கள் தரும் தாளில் "எண்ணெய், இரசாயனங்கள் படாமல் வைத்திருங்கள்" என்று ஏன் போட்டிருக்கிறது? கேட்க வேண்டிய கேள்விதான். அவர்களால் ஒவ்வொரு போத்தலிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எண்ணெய் என்று நீங்கள் நினைப்பது துரு அகற்றும் திரவமாக இருக்கலாம், தின்னராக இருக்கலாம், மரத்துக்குப் பூசும் கிரியோசோட்டாக இருக்கலாம். கிரியோசோட்டில் கிரசோல் வகைகள் உண்டு. கிரசோல் நைலோனைக் கரைத்தேவிடும். கயிற்றில் நடுப்பகுதியை அடையாளம் போட மார்க்கர் பேனா பயன்படுத்துவதைப் பற்றிக்கூட, மலையேறுவோரின் சர்வதேச அமைப்பான யூஐஏஏ எச்சரித்திருக்கிறது. அவர்களது சோதனைகளில் சில மைகள் பட்ட இடத்தில், கயிறு தாங்கும் வீழ்ச்சிகள் 50 வீதம் வரை குறைந்தன. எண்ணெயில் குளித்த கயிறு தப்பிக்கிறது, ஒரு மைக்கோடு பட்ட கயிறு பாதியாகிறது. அளவும் மணமும் கறையும் ஒன்றையும் சொல்லாது. பொருள் என்னவென்று தெரிந்தால்தான் எதையும் சொல்ல முடியும்.

சரி, உண்மையான எதிரிக்கு வருவோம். அது பற்றரி அசிட்.

வாகனப் பற்றரிக்குள் இருப்பது சல்பூரிக் அமிலம், எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அமிலம் நைலோனின் அமைட் பிணைப்புகளையே வெட்டுகிறது. சங்கிலி துண்டானால் கழுவினாலும் காய வைத்தாலும் திரும்ப ஒட்டாது. இன்னொரு கொடுமை, சல்பூரிக் அமிலம் ஆவியாகிப் போவதில்லை. துளி காயும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், அமிலம் அங்கேயே நின்று மேலும் செறிவாகும். இன்று தெறித்த துளி அடுத்த மாதமும் வேலை செய்துகொண்டிருக்கும். பற்றரி கடையில் வேலை செய்கிறவர்களின் சாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அசிட் பட்ட அன்று ஒன்றும் தெரியாது. தோய்த்துக் காயப்போட்டு எடுக்கும்போது ஊசி குத்தினாற்போலத் துளைகள் விழுந்திருக்கும். கயிற்றில் அந்தத் துளையைப் பார்க்கிற வாய்ப்புக்கூடக் கிடைக்காது. நிறம் மாறாமலே, தொட்டால் வித்தியாசம் தெரியாமலே, பாரம் விழுகிற நேரத்தில் வெள்ளைத்துணி கிழிவதுபோல அந்த இடத்தில் அறுந்துவிடும். ஏறுகயிறுகள் சாதாரண பாரத்தில், கூரான விளிம்பு எதுவும் இல்லாமல் அறுந்த விபத்துகளை ஆராய்ந்தபோது, அறுந்த இடத்தில் சல்பூரிக் அமிலம் கண்டுபிடிக்கப்பட்ட சம்பவங்கள் உண்டு.

எனவே மாமாவிடம் போய்க் கேளுங்கள்: வள்ளத்தில் பற்றரி இருந்ததா? இரவுத் தொழிலுக்கு விளக்குக் கட்டுகிறவர்கள், மீன்பார்க்கும் கருவி வைத்திருக்கிறவர்கள் எல்லோரிடமும் பற்றரி இருக்கும். கயிறு அதற்குப் பக்கத்தில் இருந்ததா, கீழே இருந்ததா? பற்றரி எப்போதாவது சரிந்ததா? முனைகளில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்ததா? வள்ளத்திலிருந்து வீட்டுக்குக் கயிறு எதில் வந்தது? ஓட்டோவிலா, லொறியிலா, அங்கே ஒரு பழைய பற்றரி கிடந்ததா? கறையைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இவை. ஒன்றுக்காவது "இருந்திருக்கலாம்" என்று பதில் வந்தால் அந்தக் கயிற்றில் ஆள் தொங்கக்கூடாது. கழுவிப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

எங்கள் பக்கத்தில் நைலோனைக் கெடுக்கும் வேறு சில பொருள்களும் வீட்டிலும் வேலைத்தளத்திலும் சாதாரணமாகக் கிடக்கின்றன. கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். அம்பாறையின் மேற்குப் பக்கம் இறப்பர் வைத்திருக்கிறவர்கள் பாலை உறைய வைக்கப் பயன்படுத்துவது ஃபார்மிக் அமிலம். செறிவான ஃபார்மிக் அமிலத்தில் நைலோன் சாதாரண வெப்பநிலையிலேயே கரையும். ஆய்வுகூடங்களில் நைலோனைக் கரைக்க வேண்டுமென்றால் எடுக்கிற திரவமே அதுதான். கயிறும் அந்தக் கானும் ஒரே கொட்டிலில் இருக்கக்கூடாது.

கிணற்று வேலைக்கு இறங்குகிறவர்களுக்கு இதில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்துக் குளோரின் தூள் போடுவது 2004 சுனாமிக்குப் பிறகு கரையோர ஊர்களில் எல்லோருக்கும் பழகிப்போன வேலை. குளோரின் தூளும் வெளிற்றும் திரவமும் நைலோனை ஒட்சியேற்றிக் கெடுக்கும். தூளைக் கரைத்த வாளிக்குள் கயிறு விழுவது, குளோரின் கலந்த தண்ணீரில் கயிற்றை ஊறவிட்டு மறுநாள் எடுப்பது, இதெல்லாம் எந்த எண்ணெய்க் கறையையும்விட மோசம். இறங்கி முடித்துக் கயிற்றை மேலே எடுத்துத் தள்ளி வைத்த பிறகுதான் தூளைத் தொட வேண்டும். நனைந்துவிட்டால் அப்போதே நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

இனிக் கழிவு ஒயில். புதிய ஒயில் வேறு, என்ஜினிலிருந்து வடித்த கறுத்த ஒயில் வேறு. எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலப் பொருள்கள் ஒயிலில் வந்து சேரும். அவற்றை நடுநிலையாக்கக் காரத்தன்மையுள்ள சேர்மானங்களை ஒயிலிலேயே போட்டிருப்பார்கள். மாற்ற வேண்டிய காலம் தாண்டி ஓடிய ஒயிலில் அந்தச் சேர்மானம் தீர்ந்து அமிலம் மிஞ்சியிருக்கலாம். பற்றரி அசிட்டோடு ஒப்பிட இது மிகச் சிறிய அளவு. ஒரு தெறிப்பில் கயிறு போய்விடாது. ஆனால் வாரக்கணக்கில் ஊறிய கயிறு என்றால் நான் அவ்வளவு தாராளமாக இருக்க மாட்டேன். கறுப்பு ஒயிலுக்குள் உலோகத் துகளும் கரியும் இருக்கும். அவை இழைகளுக்கிடையே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தத் துகள்தான் அடுத்த பிரச்சினை. எண்ணெய் தானாக அறுக்காது, ஆனால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்த கயிற்றில் ஒட்டிய மணல் உதறினால் பெரும்பாலும் போய்விடும். எண்ணெய்ப்பசை உள்ள கயிற்றைக் கல்லடிக் கடற்கரை மணலிலோ பாறையடியிலோ ஒருமுறை இழுத்தால் போதும், மணல் உறையைத் தாண்டி உள்ளே போகும். இன்றைய கயிறுகளில் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் கரு இழைகள், வெளியுறை அவற்றைக் காக்கிறது. உள்ளே போன மணல், பாரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கருவைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். வெளியே பார்த்தால் உறை நன்றாகவே இருக்கும். ஆகவே எண்ணெயைக் கழுவி அகற்றுவதற்கு முக்கிய காரணம் மணல்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது அன்றைக்கே ஆளைக் கொல்லக்கூடியது: வழுக்கல். இறங்கும் கருவி, ஏறும் கருவி, புரூசிக் முடிச்சு (மெல்லிய கயிற்றைப் பெரிய கயிற்றில் சுற்றிப் போடும் பிடிமுடிச்சு) எல்லாமே உராய்வை நம்பி வேலை செய்பவை. ஒயில் ஊறிய இடம் கருவிக்குள் வரும்போது, அதுவரை பிடித்துக்கொண்டிருந்த அதே கையின் அழுத்தம் போதாமல் போகும். கயிற்றின் நடுவில் மட்டும் கறை என்கிறீர்கள். முதல் பத்து மீற்றர் வழமைபோல இறங்கிவிட்டு, கை பழகியபிறகு திடீரென்று வழுக்கல் வருவது, முழுவதும் எண்ணெயாக இருப்பதைவிட ஆபத்து. எண்ணெய் மணக்கிற கயிறு எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், கழுவி, தரையோடு தரையாகக் கருவியில் போட்டு இழுத்துப் பார்த்து, பிறகு ஓராள் உயரத்தில் தொங்கிப் பார்க்காமல் அதைப் பாறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கழுவுவதற்கு முன்னால் ஒரு சோதனை. இது நைலோன்தானா? எங்கள் ஊர்க் கடைகளில் நைலோன் கயிறு என்று கேட்டால் எடுத்துத் தருகிற நீலம், பச்சை, செம்மஞ்சள் கயிறுகள் பெரும்பாலும் பொலியெதிலீன் அல்லது பொலிபுரொப்பிலீன். ஒரு சிறு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழி போக விரலால் நசுக்கிவிடுங்கள். நைலோன் தண்ணீரைவிடச் சற்று அடர்த்தி கூடியது, தாழும். பொலியெதிலீனும் பொலிபுரொப்பிலீனும் மிதக்கும். மிதக்கிற கயிறு வள்ளம் கட்ட நல்லது, ஆள் இறங்க வேண்டாம். பொலிபுரொப்பிலீன் சுமார் 165 பாகை செல்சியஸில் உருகும், பொலியெதிலீன் அதற்கும் குறைவில். நைலோன் 6 உருக 220 பாகை வேண்டும், நைலோன் 66 உருக 260 பாகை அளவு வேண்டும். வேகமாக இறங்கும்போது கருவி சூடேறினால் இந்த வித்தியாசம் உயிரைக் காக்கும். எண்ணெய் விஷயத்திலும் இவற்றின் குணம் வேறு: இவையே ஐதரோகாபன்கள் என்பதால் பெற்றோலும் மண்ணெண்ணெயும் கொஞ்சம் உள்ளே ஊறி இவற்றை மென்மையாக்கும். நான் இங்கே சொன்ன நல்ல செய்தி இவற்றுக்குச் செல்லாது. நீங்கள் வாங்கியது முத்திரையும் தர எண்ணும் உள்ள கயிறு என்றால் நைலோனாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

அமிலம் பட்டதா என்று பார்க்கப் பாடசாலை ஆய்வுகூடத்தில் கிடைக்கிற நீலப் பாசிச்சாயத் தாள் போதும். கறுத்த இடத்தையும், சந்தேகமான இடங்களையும் மழைநீரோ வடித்த நீரோ சிறிது தெளித்து ஈரமாக்கி, தாளை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஒயில்பசை அதிகம் இருந்தால், அந்த இடத்தைக் கொஞ்சத் தண்ணீரில் பிழிந்து அந்தத் தண்ணீரில் பாருங்கள். தாள் கிடைக்காவிட்டால் செவ்வரத்தம் பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்த சாறும் உதவும், அமிலம் பட்டால் பளிச்சென்று சிவக்கும். சிவந்தால் கதை முடிந்தது, முழுக் கயிற்றையும் துண்டுகளாக வெட்டிவிடுங்கள். ஆனால் சிவக்காவிட்டால் கயிறு நல்லது என்று அர்த்தமில்லை. வள்ளத்தின் தண்ணீர் அமிலத்தைக் கழுவிக்கொண்டு போயிருக்கும், அது செய்த சேதம் அங்கேயே இருக்கும். குற்றத்தை உறுதி செய்யத்தான் இந்தச் சோதனை, விடுதலை கொடுக்க அல்ல. இதைக் கழுவுவதற்கு முன்பே செய்ய வேண்டும். சவர்க்காரம் பட்டபிறகு செய்தால் பயனில்லை.

கழுவும் விதம் எளிது. பெரிய பேசினில் சாதாரண தண்ணீர் அல்லது 30 பாகைக்கு மேற்படாத இளஞ்சூட்டுத் தண்ணீர். குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற மென்மையான சவர்க்காரம் போன்ற ஒன்றைக் கரைத்துக்கொள்ளுங்கள். வெளிற்றும் பொருள் கலந்த சலவைத்தூள் வேண்டாம். கயிற்றை அரை மணிநேரம் ஊறவிட்டு, கை முழுவதும் பிடித்து நீளவாக்கில் உருவி உருவிக் கழுவ வேண்டும். முதல் தண்ணீர் தேயிலைச் சாயமாக வரும். கொட்டிவிட்டு மறுபடி. மேலே எண்ணெய்ப் படலம் தெரியாத வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், ஒரே தடவையில் முடியாது. பிறகு வெறும் தண்ணீரில் சவர்க்காரம் போகும்வரை அலசி, விறாந்தையில் நிழலில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். எங்கள் வெயிலில் போடாதீர்கள், நைலோனுக்குப் புறஊதாக் கதிர் ஆகாது. கடல்நீர் பட்டிருந்தால் உப்பும் இந்தக் கழுவலில் போய்விடும். உப்பு நைலோனை அரிப்பதில்லை, ஆனால் காய்ந்த உப்புப் பளிங்குகள் மணலைப்போலவே உராய்ந்துகொண்டிருக்கும்.

"பெற்றோலில் ஒருமுறை அலசினால் ஒயில் எல்லாம் போய்விடுமே" என்று கராஜில் யாராவது சொல்வார்கள். நைலோனுக்கு அதனால் நேரடிச் சேதம் இல்லை என்பது உண்மை. ஆனால் வெளியில் நின்ற அழுக்கைக் கரைத்துக் கருவுக்குள் அனுப்பிவிடும், கயிற்றின் மேற்பூச்சைக் கழற்றிவிடும், தீ அபாயம் வேறு. வேண்டாம்.

காய்ந்தபிறகு உட்கார்ந்து அடி அடியாகப் பாருங்கள். கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். ஒவ்வொரு சாண் நீளத்தையும் இரண்டு கையாலும் பிடித்து யூ வடிவில் வளைத்துப் பாருங்கள். நல்ல கயிற்றில் வளைவு ஒரே சீராக உருண்டு வரும். ஓரிடத்தில் மட்டும் மூலையாக மடிந்தால், தட்டையாக இருந்தால், உள்ளே ஒன்றும் இல்லாததுபோல நசுங்கினால், கரு பழுது. உறையில் மினுங்கும் கடினமான இடம் இருந்தால் சூட்டில் உருகியிருக்கிறது. நகத்தால் சுரண்டும்போது இழைகள் முறிந்து தூளாக வந்தால், அது அமிலமோ வெயிலோ கெடுத்த இடம். கறுத்த பகுதியில் கறை முழுவதும் போகாமல் சாம்பல் நிறம் தங்கும், அதில் தவறில்லை. ஆனால் கறைக்குள் சேதம் மறைந்திருக்கும், ஆகவே அங்கே இரண்டு மடங்கு நேரம் எடுங்கள்.

இனி முடிவு. மாமா "பற்றரி வள்ளத்தில் ஏற்றுவதே இல்லை, சிந்தியது மண்ணெண்ணெயும் என்ஜினுக்குக் கலக்கிற ஒயிலும் மட்டும்" என்று உறுதியாகச் சொல்கிறார், தாளும் சிவக்கவில்லை, விரலும் குறை சொல்லவில்லை என்றால், கழுவிய கயிற்றில் நான் இறங்குவேன். வடித்த கழிவு ஒயிலில் வாரக்கணக்கில் கிடந்தது என்றால், கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் மிஞ்சுவதைக் குறுகிய கயிறுகளாக வைத்துக்கொள்வேன். கிணற்றுக்கு அந்த நீளம் போதும். வெட்டிய முனைகளை உருக்கி மூட மறக்காதீர்கள், மிச்சம் எவ்வளவு நீளம் என்று எழுதி ஒட்டுங்கள். என்ன சிந்தியது என்று யாருக்குமே தெரியாது, பற்றரி இருந்ததா என்றும் ஞாபகமில்லை என்றால், முழுக் கயிறும் போக வேண்டும். சேர்த்த காசில் வாங்கியது, மனம் கேட்காது என்று தெரியும். ஆனால் ஒரு கயிற்றைப் பற்றிக் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை என்றால் அதில் யாருடைய பிள்ளையையும் இறக்க முடியாது. அப்படி ஒதுக்குகிற கயிற்றை முழுசாக வைக்காதீர்கள். மாடு கட்ட, சாமான் கட்ட என்று இரண்டு மூன்று மீற்றர்த் துண்டுகளாக வெட்டிவிடுங்கள். முழுசாகக் கொட்டிலில் தொங்கினால், அவசரத்துக்குக் கிணற்றில் வாளி எடுக்க இறங்குகிற யாரோ ஒருவர் அதை எடுப்பார்.

கிணறு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கயிறு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் தண்ணீர்ப் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டு, அதற்குள் ஆளை இறக்காதீர்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. மெழுகுதிரி கொளுத்தி இறக்கிப் பார்ப்பதால் ஒட்சிசன் குறைவு தெரியலாம், காபனோரொட்சைட் தெரியாது. பம்ப் மேலே, குழாய் மட்டும் கீழே. இறங்குகிறவர் எப்போதும் கயிற்றில் கட்டப்பட்டு, மேலே இரண்டு பேர் பிடித்திருக்க வேண்டும். அவர் மயங்கினால் காப்பாற்ற இன்னொருவர் இறங்கக்கூடாது, மேலே இருந்து இழுக்க வேண்டும்.

கரபைனர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அலுமினியத்துக்கு ஒயிலால் ஒன்றுமில்லை, உப்புத்தண்ணீர்தான் பகை. நல்ல தண்ணீரில் கழுவி, அதன் வாய்ப்பூட்டு தடையின்றித் திறந்து மூடுகிறதா என்று பார்த்து, கீலில் ஒரு துளி மெல்லிய ஒயில் விட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வெண்மையாக அரித்துக் குழிவிழுந்திருந்தால் ஒதுக்குங்கள். பட்டிகளும் இடுப்புக் கச்சையும் நைலோன் அல்லது பொலியெஸ்டர். பொலியெஸ்டர் அமிலத்தை நைலோனைவிட நன்றாகத் தாங்கும், வலுவான காரத்துக்குத்தான் பயம். ஆனால் ஒரே கச்சையில் இரண்டும் கலந்திருக்கும், தையல் நூல் எதுவென்று வெளியே தெரியாது. கயிற்றுக்குச் சொன்ன தீர்ப்பே அதற்கும்.

ஹெல்மட்டில்தான் எனக்கு உண்மையான கவலை. கயிற்றை ஒன்றும் செய்யாத அதே பெற்றோல் ஹெல்மட்டைக் கெடுக்கும். ஓடு பொலிகாபனேற்று என்றால் பெற்றோலும் தின்னரும் பட்டு மயிரிழைபோல வெடிப்பு விடும். உள்ளே இருக்கிற வெள்ளை ரெஜிபோம் பெற்றோலில் கரைந்து சுருங்கும். உள்மெத்தையைக் கழற்றி ரெஜிபோமை விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது பள்ளம் விழுந்தோ பிசுபிசுத்தோ இருந்தால், வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள்.